பத்து ராத்திரி பாரதக் கூத்து, லீவு மூணு நாள்தான்... எதைப் பாக்கலாம்?

வந்தவாசிப் பொண்ணு:
எங்க ஊரு திரௌபதி அம்மன் கோயில்ல சித்திரைக்கு பாரதம் வைக்கிறாங்க, நோட்டீஸ் வந்துடுச்சு. வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். சென்னையிலிருந்து வரணும், மூணு ராத்திரிக்கு மேல முடியாது. பொண்ணுக்கு 9 வயசு, கூத்தே பாத்ததில்ல. நானும் சின்ன வயசுல தாத்தா மடியில பாதி தூக்கத்துல பாத்ததோட சரி, சிரிக்க வைக்கிற கோமாளி கட்டியங்காரன் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. எந்த மூணு?

செய்யாறு தம்பி:
அக்கா, கடைசி நாள் கட்டாயம். பதினெட்டாம் போர் முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, காலையில படுகளம் இருக்கு. தரையில மண்ணுல துரியோதனனை அவ்ளோ பெருசா படுக்க வெச்சிருப்பாங்க, அதைச் சுத்தி பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் ஓடி ஓடி சண்டை போட்டு, தொடையில அடி விழுந்தப்புறம்தான் அம்மன் கூந்தல் முடிவாங்க, சாயங்காலம் தீமிதி. இன்னொண்ணு தபசு. அர்ச்சுனன் மரத்து மேல பாடிக்கிட்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூவெல்லாம் போடுவாரு, குழந்தை இல்லாதவங்க கீழ முந்தானை ஏந்தி நிப்பாங்க. பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆரணிக்காரன்:
துகிலை விட்டுட்டீங்களே தம்பி. எங்க ஊர்ல துச்சாதனன் வேஷம் கட்டுனவரு சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி கும்பிட்டு, அழுதுட்டுதான் தொட்டாரு. கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. நாப்பது வயசுக்கு மேல ஆகியும் எனக்கு அது மறக்கல.

முகவீணை:
நான் ஒரு ஜமாவுல, அதாவது கூத்துக் குழுவுல, முகவீணை வாசிக்கிறவன், அதனால சொல்றேன், கர்ண மோட்சத்தை தவற விடாதீங்கம்மா. எல்லாரும் அம்பு பட்டு கர்ணன் சாயறதுக்குத்தான் காத்திருப்பாங்க, ஆனா உசுரு அதுக்கு முன்னாடி இருக்கு. போருக்குப் போறேன்னு விடை கேக்க வர்ற கர்ணனுக்கும் அவரு பொண்டாட்டி பொன்னுருவிக்கும் நடக்கிற தர்க்கம், தேரோட்டி மவன்னு அவ இளக்காரமா பேச அவரு தாங்கிட்டு நிக்கிறது, அதை நல்ல வாத்தியார் பாடினா விடியிறதே தெரியாது. இன்னொண்ணு, ராத்திரி எட்டு மணிக்கே வந்து வேஷம் கட்டற இடத்தை பொண்ணுக்குக் காட்டுங்க. கிரீடம், தோள்ல மாட்டற புஜக்கீர்த்தியெல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செய்யறது, கையில தூக்கிப் பாத்தா லேசா இருக்கும், அதனாலதான் அதை மாட்டிக்கிட்டு கிறிக்கி அடிக்க, அதான் சுழன்று சுழன்று ஆட, முடியுது. ஒரே ஒரு வேண்டுதல். பன்னெண்டு மணிக்கே முடிங்கன்னு ஊர்ல யாராவது சொன்னா நீங்க எங்க பக்கம் பேசுங்க. திரை பிடிச்சு வேஷம் வெளிய வரவே நேரம் ஆகும், பாதியில நிறுத்தச் சொன்னா மனசு விட்டுப் போயிடுது.

வந்தவாசிப் பொண்ணு:
கண்டிப்பா பேசறேன் ஐயா. அப்போ கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி வரைக்கும் இருந்துடறேன். மிச்சம் ஒரு ராத்திரி துகிலுக்கு தனியா ஒரு தடவை வந்துட்டுப் போறேன். தபசு அடுத்த வருஷம். பாயை எந்தப் பக்கம் போட்டா நல்லா தெரியும்?

முகவீணை:
பின்பாட்டுக்காரங்களுக்கு எதிர்ல, திரை பிடிக்கிற இடம் நேரா தெரியற மாதிரி போடுங்கம்மா. ஒரு போர்வையும் எடுத்துட்டு வாங்க, மூணு மணிக்கு மேல லேசா குளிரும்.