நடவு சமயத்தில் நூறு நாள் வேலையை நிறுத்தலாமா? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

மன்னை விவசாயி:
2005-ன் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலைச் சட்டத்தில் 100 நாள் 125 ஆகியிருக்கிறது. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை வரவேற்கிறேன். எனக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நடவு. போன சம்பாவில் முப்பது நாளில் நட வேண்டிய நாற்றை, ஆள் கிடைக்காமல் நாற்பத்தைந்தாம் நாள் நட்டேன். தூர், அதாவது பக்கக் கிளைப்பு, பாதிகூட வெடிக்கவில்லை. அந்த இரண்டு மாதம் ஆட்கள் வயலுக்கு வரட்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

தலைஞாயிறு மகள்:
அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நாங்கள் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் யாரும் குறுவை போடுவதில்லை. சம்பா ஒன்றுதான், அதுவும் நேரடி விதைப்பு. அறுவடைக்கு மெஷின் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு வயலில் மிஞ்சியது களை பறிப்பு மட்டும், வருஷத்துக்கு இருபது நாள் வந்தால் அதிகம். உங்கள் ஊர் நடவை வைத்து மாவட்டத்துக்கே வேலையை நிறுத்தினால் அம்மா எங்கே போவார்?

இன்னொன்று. 2006 பிப்ரவரியில் முதன்முதலாகத் திட்டம் வந்த 200 மாவட்டங்களில் நாகையும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அம்மா அதில்தான் முதன்முதலாகக் கையில் வாங்கினார்.

மன்னை விவசாயி:
கூலி கொடுக்க எனக்கு மனசில்லை என்று நினைக்காதீர்கள் தங்கச்சி. 2025-26-ல் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். நடவுக்கு அதைவிடக் கூடத்தான் கொடுக்கிறோம். அப்படியும் வருவதில்லை. நடவு என்றால் நாள் முழுக்கக் குனிந்த முதுகு நிமிராது. அது எனக்குத் தெரியும், என் அம்மாவும் நட்டவர்தான். ஆனால் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழையில் தார்ப்பாய் பிடித்து நிற்பவன் இதற்கு மேல் எதை வைத்துக் கூலியை ஏற்றுவான்?

குடந்தைத் தம்பி:
இரண்டு பேரும் கோபப்படாதீர்கள். என்னோடு பாலிடெக்னிக் படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன், அதை மாற்றிப் பேச மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் அரிசி ஆலையையோ அவல் மில்லையோ தடுக்கவில்லை. விளைகிற நெல்லை இங்கேயே அரைத்து, தவிட்டிலிருந்து எண்ணெய் எடுத்தால் எத்தனை பேருக்கு வேலை!

தலைஞாயிறு மகள்:
வரட்டும் தம்பி, நல்லதுதான். அந்த ஆலையில் ஐம்பத்தெட்டு வயது அம்மாவைச் சேர்த்துக்கொள்வார்களா? தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்கள். வயதானவர்களை எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா இடத்திலும் பார்க்கலாம். அப்புறம் 125 நாள் என்கிறீர்கள். முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இப்போது நூற்றுக்கு 40 மாநிலம் போட வேண்டும். பணம் இல்லையென்றால் அந்த 25 நாள் தாளில்தான் இருக்கும்.

மன்னை விவசாயி:
அந்த 40 பங்கு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். நிறுத்தும் நாளையும் மாவட்டம் முழுக்க ஒன்றாக வைக்கத் தேவையில்லை. ஊராட்சி வாரியாகக்கூட அறிவிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தண்ணீர் விடும் முறைப்படி எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் என்று பார்த்து அறிவிக்கட்டும். எங்கள் ஊராட்சிக்கு 60 நாளும் வேண்டும் என்றுதான் கேட்பேன்.

தலைஞாயிறு மகள்:
கேளுங்கள் அண்ணே. உங்கள் ஊர் கிராம சபையில் நடவுக்குப் போகும் பெண்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் ஊராட்சியில் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறோம்.