காணிக்கை முதலா, ஒப்புரவு முதலா?

காலைமணி: தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும்) ஆராதனை ஒழுங்கில், காணிக்கைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் கொடுப்பதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மத்தேயு 22இல் தேவனிடத்தில் அன்புகூருவதுதான் முதலாம் கற்பனை, அதாவது கட்டளை. பிறன் அதற்கு அடுத்துதான். பலிபீடத்தை நோக்கி மனம் போகிற நேரத்தில் பக்கத்து ஆள் பக்கம் ஏன் திரும்ப வேண்டும்?

வேதவாசகி: அண்ணா, அது அந்த இடத்தில் இருப்பதே மத்தேயு 5:23-24க்காகத்தான். பலிபீடம்வரை வந்தபின் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவரோடு ஒப்புரவாக, அதாவது சமாதானமாக வேண்டும். அவருக்கு நம்மேல் உள்ள குறையைத்தான் வசனம் கேட்கிறது. நாமோ "எனக்கு யார்மேலும் கோபமில்லை" என்று முடித்துக்கொள்கிறோம். கேட்டவர்கள் கலிலேயாக்காரர்கள், பலிபீடமோ எருசலேமில். நடந்தால் ஏறக்குறைய மூன்று நாள். போய்த் திரும்ப ஒரு வாரம் ஆனாலும் போ என்கிறார் இயேசு.

காலைமணி: அப்படியானால் பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றியது? மாற்கு 14இல் அந்தத் தைலம் 300 பணத்துக்கும் மேல். ஒரு பணம் ஒருநாள் கூலி, ஆக ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம். தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்றவர்களைத்தான் இயேசு தடுத்தார். 1 யோவான் 4:20ஐ எல்லாரும் சொல்கிறார்கள்: கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்று. 5:2ஐ யாரும் சொல்வதில்லை. தேவனை நேசித்து அவர் கற்பனைகளைக் கைக்கொள்ளும்போதுதான் அவர் பிள்ளைகளை நேசிக்கிறோம் என்று அறிகிறோமாம். இதை மறந்தால் சபை வெறும் சேவைச் சங்கமாகிவிடும்.

ஓலைச்சுவடி: 5:2 பலமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெத்தானியாவில் இயேசு சொன்ன, தரித்திரர் எப்போதும் இருக்கிறார்கள் என்ற பேச்சு உபாகமம் 15:11ஐத் தொட்டது. அந்த வசனமே கையைத் தாராளமாய்த் திற என்றுதான் கட்டளையிடுகிறது. லேவியராகமம் 6:1-7ஐயும் பாருங்கள். அயலானை ஏமாற்றியதைக் கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றே அது தொடங்குகிறது. பரிகாரம், முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 10,000 ரூபாய் எடுத்திருந்தால் 12,000. அதை உரியவர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பழுதற்ற ஆட்டுக்கடாவைக் கேட்கிறது.

வேதவாசகி: நம் சபைகளில் கெட்டுப்போவது இங்கேதான். ஒழுங்குப்படி சமாதானம் பலிபீடத்திலிருந்து புறப்பட்டுக் கைக்குக் கை வர வேண்டும்: வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, இடது கை அடுத்தவரின் வலது கையை மூட வேண்டும். நடப்பதோ சொந்த வீட்டாரோடு ஒரு நொடிக் கைகுலுக்கல். கடனும் வரப்புச் சண்டையும் அந்த ஒரு நிமிஷத்தில் தீராது. அடுத்த வாரம் திருவிருந்து என்று முந்தின ஞாயிறே அறிவித்து, போய்ப் பேசிவிட்டு வரச் சொல்ல வேண்டும். சமாதானத்தை எடுத்துவிட்டால் அந்த நினைப்பூட்டலும் போய்விடும்.

காலைமணி: அறிவிப்பு சரி, அதை ஏற்கிறேன். போய்ப் பேசியும் அவர் முகம் கொடுக்காவிட்டால்? அல்லது இறந்தே போயிருந்தால்?

ஓலைச்சுவடி: முகம் கொடுக்காவிட்டால் ரோமர் 12:18, "உங்களாலானமட்டும்". அதற்குமேல் உங்கள் பொறுப்பு இல்லை. இறந்திருந்தால் எண்ணாகமம் 5:8ஐப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அவருடைய இனத்தானுக்கு, அதாவது உறவினனுக்குப் போகும். வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியன் கைக்கு வருகிறது.