ஹேட்ரியன் சுவர்: நவம்பர் வெளிச்சத்துக்கு எங்கே நிற்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நவம்பரில் வட இங்கிலாந்து போய் ஹேட்ரியன் சுவரைப் படமெடுக்கப் போகிறேன். கி.பி. 122இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர், சுமார் 117 கிலோமீட்டர். ஸ்டீல் ரிக் முதல் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரையுள்ள பகுதிமேல்தான் எனக்கு ஆசை. செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே சுவர் ஏறி இறங்கும் அழகு அப்படி!

சிக்கல் வெளிச்சம்தான். அந்தப் பாறை வடக்குப் பார்த்தது. ஜூனில் சூரியன் வடமேற்கில் மறைவதால் மாலை வெயில் அதன்மேல் விழும். நவம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்திருப்பதால் பாறை முகம் முழுக்க நிழல். கிராக் லாஃப் ஏரியும் சட்டகத்துக்குள் வர, காலையில் ஹாட்பேங்க் பக்கமிருந்து மேற்கே பார்த்து எடுப்பதா, மாலையில் ஸ்டீல் ரிக்கிலிருந்து கிழக்கே பார்த்தா? அப்புறம், அந்த மேட்டுக் காற்றில் ட்ரைபாட் ஆடாமல் நிற்குமா? குளிர்காலத்தில் அங்கே எடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.