எழுதி வைத்தது உண்மை, எங்கே என்பதுதான் தெரியவில்லை

நீலமை:
போன வாரம் மருத்துவர், "அம்மாவுக்கு இந்த மாத்திரையை எப்போது பாதியாகக் குறைத்தீர்கள்?" என்று கேட்டார். எழுதி வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ராத்திரிதான் சிக்கியது, வாட்ஸப்பில் எனக்கு நானே அனுப்பிய செய்தியாக: "12லிருந்து பாதி". அவ்வளவுதான். மாத்திரை என்ற சொல்லே அதில் இல்லை!

இது போக ஒரு குறிப்புச் செயலி, ஒரு டைரி, பில்லுக்குப் பின்னால் கிறுக்கியவை வேறு. ஜனவரியில் புதுச் செயலி போட்டு, கலர் கலராக ஃபோல்டர் திறந்து, பிப்ரவரியில் கைவிடுவது என் வழக்கம். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழையபேனா:
நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு சீட்டில் இன்னொன்றின் எண்ணைக் குறித்து இணைப்பார். அந்த முறையைப் பாருங்கள்.

திண்ணைவாசி:
லூமன் புத்தகம் எழுதச் சேர்த்தார். மாத்திரைக் கணக்குக்கு அவ்வளவு வேண்டாம். நானும் எண் போட்டுப் பார்த்தேன், நாற்பதாவது சீட்டோடு சரி.

உங்கள் சிக்கல் ஃபோல்டர் இல்லை, தலைப்பு. ஆறு மாதம் கழித்து எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீர்களோ அதையே முதல் வரியில் எழுதுங்கள்: "2025-03-12 அம்மா மாத்திரை பாதி". ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். நாள் முதலில் வந்தால் எல்லா மாதத்து 12-ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும்.

நம் மொழியில் இன்னொரு தொல்லை உண்டு. சாதாரணத் தேடல் எழுத்தை அப்படியேதான் ஒப்பிடும். "வீடு" என்று தேடினால் "வீட்டு வாடகை" வராது; "பணம்" என்றால் "பணத்தை" வராது. அதனால் தலைப்பில் மட்டும் வேற்றுமை உருபில்லாமல் "வீடு, வாடகை" என்று தந்தி மாதிரி எழுதுவேன். இலக்கண ஆசிரியர் பார்த்தால் அடிப்பார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். ஒரே சொல்லை நாமே நாலு விதமாக எழுதுவோம், பிறகு எந்த விதமென்று தேடுவது?

அப்புறம், பழைய குப்பையை ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். தேடிப்போய்க் கையில் சிக்கும் பழைய குறிப்புக்கு மட்டும் அப்போதே பெயர் மாற்றுங்கள்.

நீலமை:
நன்றி. வாட்ஸப்பில் "வீடு" தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஒன்றும் வரவில்லை. "வாடகை" போட்டதும் பதினேழு வந்தது. டைரியை என்ன செய்வது? கையால் எழுதாவிட்டால் எனக்கு மனசில் நிற்காது.

திண்ணைவாசி:
டைரியை ஏன் விட வேண்டும்? தேவையான பக்கத்தை மட்டும் படமெடுங்கள். படத்துக்கும் அதே மாதிரி பெயர் வையுங்கள், இல்லையென்றால் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவில் அதையும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.