‘பிரிவென்ஷன் ஒர்க்ஃபோர்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் அமெரிக்கப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மது, புகையிலை, கஞ்சா, மாத்திரை என எதுவானாலும், பழக்கம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்பவர்களுக்கான கையேடு. அவர்களை மொத்தமாக ‘பிரிவென்ஷன் ஒர்க்ஃபோர்ஸ்’ என்கிறது மூலம். அவர்களுக்குப் பயிற்சி தர அரசு ஏன் நிதி ஒதுக்க வேண்டும் என்பது முதல் அத்தியாயம்.

‘போதைப்பொருள் தடுப்புப் பணியாளர்கள்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், “கடத்தலைப் பிடிக்கும் காவலர்களுக்கான நூலா?” என்று கேட்டார். நன்றாகத் தமிழ் படித்தவர். அவருக்கே அப்படிப் பட்டதென்றால் குறை சொல்லில்தான். வேறு சொல் தாருங்கள்.

– இரா. கு.

*

அம்மா, அவர் கேட்டது சரியான கேள்வி. இந்தப் பயிற்சிகளைப் பல வருடமாக நடத்துகிறேன். தடுப்புக் காவல், தடுப்பு வேலி என்று கேட்டுப் பழகிய காதில் ‘தடுப்பு’ என்றாலே ஒருவரை நிறுத்திவைப்பதுதான் விழுகிறது. ஒரு பையன் முதல் சிகரெட்டைத் தொடாமல் வளர்வதற்கும் அதே சொல் என்றால் எப்படிப் பொருந்தும்?

நிதிப் பகுதியில் இது இன்னும் சிக்கலாகும். போதைப் பயன்பாட்டுத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் அமெரிக்க நடுவண் அரசு மாநிலங்களுக்கு மொத்தமாகத் தரும் ‘பிளாக் கிராண்ட்’டில் குறைந்தது 20 விழுக்காட்டை முதன்மைத் தடுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போகாதவர்களுக்கான பணம் அது. தமிழில் படிப்பவர் அதைச் சோதனைக்கும் கைதுக்குமான பணம் என்று எடுத்துக்கொண்டால் அத்தியாயமே தலைகீழாகிவிடும். (‘பிளாக் கிராண்ட்’டுக்குத் ‘தொகுப்பு மானியம்’ போதும் என்பது என் கருத்து.)

அப்புறம், ‘துஷ்பிரயோகம்’ எங்கும் வேண்டாம். அந்த மானியத்தின் பெயரிலேயே இருந்த ‘அப்யூஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘யூஸ்’ என்று வைத்தது 2022 இறுதியில் வந்த சட்டம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாடும் 2013 பதிப்பில் ‘அப்யூஸ்’ என்பதைக் கைவிட்டது. ‘பயன்பாடு’ என்றே எழுதுங்கள்.

– மு. ச.

*

அன்பர்களே, சொல் நம்மிடமே இருக்கிறது. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்’ என்கிறது குறள். வரப்போவதை முன்னறிந்து காத்துக்கொள்வதுதான் இவர்கள் வேலை. ஆகவே ‘எதிர்காப்பு’ அல்லது ‘முற்காப்பு’. செய்பவர் முற்காப்பர். ‘போதை’க்குப் பதிலாகக் ‘களி’ வேண்டும். கள், களி, களிப்பு, களிறு எல்லாம் ஒரே வேர். மதம் கொண்டதால்தான் அது களிறு. ‘களிப்பொருள் முற்காப்பர்’ என்று சொல்லிப் பாருங்கள், நிற்கிறது.

இன்னொன்று. ‘பொருட்கள்’ என்று எழுதாதீர்கள். பன்மைக் ‘கள்’ விகுதிக்கு முன் ளகரம் திரிய வேண்டியதில்லை. ‘நாட்கள்’ என்றால் நாள்பட்ட கள் என்று ஆசிரியர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மதுவைப் பற்றிய கையேட்டிலாவது ‘பொருள்கள்’ என்று இருக்கட்டும். நான் நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன், இதை விட்டுக்கொடுக்க முடியாது.

– வே. ந.

*

ஐயா, ‘பொருள்கள்’ சரி, ஏற்கிறேன். ‘களிப்பொருள்’ மட்டும் வேண்டாம். இன்று களிப்பு என்றால் மகிழ்ச்சி. ‘களிப்பொருள் வேண்டாம்’ என்று ஒரு வகுப்பில் சொன்னால் விளையாட்டுச் சாமானைப் பிடுங்குவதாகப் பிள்ளைகள் நினைக்கும். ‘எதிர்காப்பு’ம் எதையோ எதிர்ப்பதுபோல ஒலிக்கிறது. நான் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். எங்களில் பாதிப் பேர் ‘பிரிவென்ஷன் ஒர்க்கர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். புரிகிற சொல்லாக ஒன்று தாருங்கள், நாங்கள் சொல்லிச் சொல்லி நிலைக்க வைக்கிறோம்.

இதில் எனக்கு அக்கறை இருக்கக் காரணம் உண்டு. பயிற்சி இல்லாமல் மேடையேறி, அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு இறங்குபவர்களையும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். வெறுமனே பயமுறுத்துவதால் பயனில்லை என்று ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளே சொல்கின்றன. பிள்ளைகளைப் பேசவைத்து, மறுத்துச் சொல்லப் பழக்கி, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வது கற்றுச் செய்ய வேண்டிய வேலை. அரசு பணம் தர வேண்டும் என்பது அதற்காகத்தான்.

– த. அ.

*

‘ஒர்க்ஃபோர்ஸ்’ பற்றி யாரும் பேசவில்லையே? ‘பணிப்படை’ என்றால் மறுபடியும் காவல்துறை வாடை. வெறும் ‘பணியாளர்கள்’ என்றால் தனித்தனி ஆள்கள். மூலம் பேசுவது ஆள் சேர்ப்பது, பயிற்றுவது, ஊதியம் தருவது, விட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்த ஒன்றை. மானியக் காலம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போய்விட, அடுத்த மானியத்தில் புதியவருக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ‘மனித வளம்’ போலப் ‘பணியாளர் வளம்’ என்றால் அந்த இழப்பு சொல்லிலேயே தெரியும்.

– சி. பா.

*

‘பணியாளர் வளம்’ அருமை. இதே சூட்டில் இன்னொன்றையும் முடித்துவிடலாம். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 1994இல் தடுப்பை மூன்றாகப் பிரித்தது: எல்லோருக்குமானது (‘யூனிவர்சல்’), ஆபத்து கூடுதலான குழுக்களுக்கானது (‘செலக்டிவ்’), ஏற்கெனவே அறிகுறி காணும் தனியாளுக்கானது (‘இண்டிகேட்டட்’). ‘பொதுநிலை, தெரிநிலை, சுட்டுநிலை’ என்று வைக்கலாமா?

– மு. ச.

*

சுட்டுநிலை! அ, இ, உ மூன்றும் சுட்டு. இங்கும் நிலை மூன்று. மிக அழகு.

– வே. ந.

*

ஐயா, அழகுதான். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையைச் ‘சுட்டப்பட்டவன்’ என்று யாராவது அழைத்தால் அன்றோடு அவன் எங்களிடம் வரமாட்டான். ‘தனிக் கவன நிலை’ என்று இருக்கட்டுமே.

– த. அ.

*

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு, ஆகவே இப்படி எழுதி அனுப்புகிறேன்: ‘போதைப் பழக்க முன்காப்புப் பணியாளர் வளம்’. மதுவும் புகையிலையும் இதில் அடங்கும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பொதுநிலை, தெரிநிலை, தனிக் கவன நிலை. தொகுப்பு மானியம். பொருள்கள். ‘தடுப்பு’ என்ற சொல் காவல்துறை வரும் இடங்களில் மட்டும்.

– இரா. கு.

*

‘பழக்க’த்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை குடித்துப் பார்ப்பது பழக்கமா? ‘பயன்பாடு’ என்று கேட்டிருந்தேன்.

– மு. ச.

*

முன் + காலம் முற்காலம். முன் + காப்பு முற்காப்பு. முன்கை என்று இருக்கிறதே என்பீர்கள். அது உறுப்பின் பெயர், வேறு வகை. அம்மா, இன்னும் அனுப்பவில்லையானால் அந்த ஒரு மெய்யை மட்டும் மாற்றுங்கள்.

– வே. ந.