வயிறு தெரியும்போது நர்ஸ் வேலை தேடினால், யார் முதலில் பேச்சை எடுப்பது?

ஆறாம்மாதம்:
வார்டில் சுழற்சி ஷிஃப்ட் பார்க்கிறேன், நைட் டியூட்டியும் உண்டு. வசதிப்படும் நாளில் மட்டும் போகிற மாதிரி ஏஜென்சி வேலைக்கோ, புறநோயாளிப் பிரிவுக்கோ மாற நினைக்கிறேன். வயிறு நன்றாகவே தெரிகிறது. இன்டர்வியூவில் நானே சொல்லிவிடவா, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவா?

ரோஸ்டர்காரி:
நீங்களே சொல்லிவிடுங்கள் சிஸ்டர். ரோஸ்டர் போடுவது என் வேலை. எதிரே இருப்பவர் வயிற்றைப் பார்ப்பார், கேட்கத் தயங்குவார், மனதுக்குள்ளேயே "வேண்டாம்" என்று முடிவெடுத்துவிடுவார். "இன்ன தேதி வரை வருவேன், இந்த வேலைகளைச் செய்ய மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்பவரை வைத்து என்னால் அட்டவணை போட முடியும்.

விடமாட்டேன்:
எனக்கு இது சரியாகப் படவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை 2000-இல் வந்தது. வேலை கேட்டு வருபவரிடம் கர்ப்பப் பரிசோதனையோ சான்றிதழோ கேட்கக்கூடாது என்கிறது. அவர்களே கேட்கக்கூடாததை நாம் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்?

ரோஸ்டர்காரி:
முழுதாகப் படியுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சட்டம் தடைசெய்த வேலை, தாய்க்கோ சிசுவுக்கோ ஆபத்தான வேலை என்றால் கேட்கலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த உடன்படிக்கையை எல்லா நாடுகளும் ஏற்கவும் இல்லை. நம் வேலையில் ஆபத்து என்பது ஏட்டளவில் இல்லை: புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்குவது, ஆபரேஷன் தியேட்டரில் கசியும் மயக்க வாயு, எதிர்ப்பாற்றல் இல்லாதவரைச் சின்னம்மை நோயாளியிடம் அனுப்புவது. கதிர்வீச்சுக்கான சர்வதேசப் பரிந்துரையைப் பாருங்கள். கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மீதி மாதங்களில் சிசுவுக்குப் போகும் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. சொன்னால்தான் அந்தக் கணக்கே தொடங்கும்.

விடமாட்டேன்:
சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. எப்போது என்பதுதான் சண்டை. ஆஃபர் கடிதம் கைக்கு வந்ததும், முதல் ஷிஃப்டுக்கு முன்னால் சொல்லலாம். இன்டர்வியூவில் சொன்னால் "வேறு காரணத்தால் தேர்வாகவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

ஏஜென்சியில்இருந்தவள்:
இருவரும் இன்டர்வியூவையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இப்போது மாறுவதே சரியா என்று யாரும் கேட்கவில்லையே! ஏஜென்சியில் போன நாளுக்குத்தான் காசு. பல நாடுகளில் மகப்பேறு காலச் சம்பளத்துக்குக் குறிப்பிட்ட காலம் வேலை செய்திருக்க வேண்டும், சில இடங்களில் ஒரே முதலாளியிடமே. மாறினால் அது கைநழுவலாம். அப்புறம், ஏஜென்சியில் நாளைத்தான் நாம் தேர்ந்தெடுப்போம், வார்டை அல்ல. ஆள் குறையும் இடத்துக்கு அனுப்புவார்கள். அது பெரும்பாலும் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வார்டாகத்தான் இருக்கும். இருக்கிற இடத்திலேயே இரவும் பளுவும் இல்லாத டியூட்டி கேட்டீர்களா?

ஆறாம்மாதம்:
வாயால் கேட்டேன். "ஆள் இல்லை" என்றார்கள்.

ஏஜென்சியில்இருந்தவள்:
டாக்டர் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டதற்கு வாயால்தான் பதில் வரும்.

விடமாட்டேன்:
எழுதிக் கொடுத்ததும் வேலையை விட்டே தூக்கிவிட்டால்? எனக்குத் தெரிந்த பலர் அந்தப் பயத்தில்தான் வாயே திறப்பதில்லை. வெளியே தேடுவதை நிறுத்த வேண்டாம். தொலைபேசி ஆலோசனை, கேஸ் ஷீட் சரிபார்ப்பு, தடுப்பூசிப் பிரிவு எல்லாம் இருக்கின்றனவே.

ரோஸ்டர்காரி:
தொலைபேசி ஆலோசனைக்குப் பயிற்சியே சில வாரம் ஓடும். பயிற்சி முடியும்போது இவர் விடுப்பில் போவார். அவர்கள் அந்தக் கணக்கைப் போடாமல் இருப்பார்களா? தடுப்பூசிப் பிரிவு ஒத்துவரும், ஆனால் ஸ்டூல் கேட்டு வாங்குங்கள். அங்கும் நாள் முழுக்க நிற்க வைத்துவிடுவார்கள்.

ஆறாம்மாதம்:
சரி, கடிதத்தை முதலில் கொடுக்கிறேன். தடுப்பூசிப் பிரிவில் ஒரு இடம் காலி, அதற்கும் விண்ணப்பிக்கிறேன். கூப்பிட்டால் எதுவரை வருவேன் என்று நானே சொல்லிவிடுவேன்.

விடமாட்டேன்:
ஆஃபருக்கு முன்னாலா? வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன்.