எஸ்டேட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம், வர்க்கமா அடுக்கா?

ஐயா, வணக்கம்.

பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் கட்டுரையில 'மூன்றாம் எஸ்டேட்'டை 'மூன்றாம் வர்க்கம்'னு மாத்திரலாம்னு எழுதியிருந்தீங்க. எஸ்டேட்னு விட்டா பிள்ளைங்களுக்கு வால்பாறை தேயிலைத் தோட்டந்தான் ஞாபகம் வரும்ங்கிறது ரொம்ப சரி, ஆனா வர்க்கம் வேணாங்க ஐயா.

புரட்சிக்கு முந்தின பிரான்ஸ்ல பாதிரிமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் ரெண்டாவது, மத்த எல்லாரும் மூணாவது. அந்த மூணாவது எஸ்டேட்டுக்குள்ள யாரெல்லாம் இருந்தாங்கன்னு பாருங்க, ரொட்டி வாங்கக் காசில்லாத கூலிக்காரர், குத்தகை கட்டுற குடியானவர், பட்டறைக்காரர், வக்கீல், கப்பல் விட்டுப் பெரும்பணம் சேத்த வியாபாரின்னு எல்லாரும் ஒண்ணா. முதல் எஸ்டேட்லயும் பெரும் பணக்கார பிஷப் ஒருபக்கம், அரைவயித்துச் சாப்பாட்டோட கிராமத்துப் பாதிரியார் இன்னொருபக்கம். இவங்களைப் பிரிச்சது காசு இல்ல, சட்டம். யாருக்கு என்ன சலுகை, யாருக்கு எந்த வரி கிடையாதுங்கிறதுதான். காசிருந்தா பதவிய வாங்கி பிரபு ஆகலாம், அரசே பதவிய வித்துச்சு, ஆனா 1781ல நாலு தலைமுறை பிரபுவா இருந்திருந்தாத்தான் நேரா ராணுவ அதிகாரி ஆகலாம்னு உத்தரவு வந்துச்சு. இதையெல்லாம் வர்க்கம்னு எழுதிட்டா, காரணத்தை ஆராயறதுக்கு முன்னாடியே வர்க்கப் போராட்டந்தான்னு பதிலைச் சொல்லிடறோம். அது ஒரு விளக்கம், அதைக் கட்டுரைக்குள்ள வாதாடணும், சொல்லுக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது.

'குலம்'னும் ஒரு யோசனை வந்துச்சு. பிறப்பால யாரும் பாதிரியார் ஆகறதில்லையே, அதனால அதுவும் பொருந்தல.

என் யோசனை 'உரிமையடுக்கு'. பேச்சுல 'மூன்றாம் அடுக்கு', மூணு எஸ்டேட்டோட பிரதிநிதிகளும் கூடுற எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு 'மூவடுக்கு மன்றம்'. இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. 1614க்கு அப்புறம் 175 வருஷம் கூடாத மன்றத்தை, அமெரிக்கப் போர்க் கடன் கழுத்தை நெரிச்சதால 1789 மே 5ல வெர்சாய்ல கூட்டுனாங்க இல்லையா, அதுக்கு முந்தின செப்டம்பர்லயே பாரிஸ் உயர்நீதிமன்றம் 1614 முறைப்படிதான், அதாவது அடுக்குக்கு ஒரு ஓட்டுன்னுதான் கூட்டணும்னு சொல்லிடுச்சு, அங்கதான் ஊரே கொதிச்சுது. டிசம்பர்ல மூன்றாம் அடுக்குக்கு ஆள் கணக்கை ரெட்டிப்பாக்குனாங்க, ஆனா ஓட்டு அடுக்குக்கு ஒண்ணா தலைக்கு ஒண்ணான்னு முடிவு பண்ணாம விட்டுட்டாங்க. அடுக்குக்கு ஒண்ணுன்னா எத்தனை பேர் வந்தும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துருவாங்க. பாருங்க, 'அடுக்குக்கு ஒரு ஓட்டா, தலைக்கு ஒரு ஓட்டா'ன்னு எழுதுனா எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கும் சண்டை எதுக்குன்னு புரிஞ்சிடும், வர்க்கத்தைப் போட்டு இந்த வாக்கியத்தை எழுதவே முடியல, நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்.

மூன்றடுக்கு ஊராட்சியோட குழம்பும்னு தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. முதல் தடவை வரும்போது 'உரிமையடுக்கு'ன்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கினா போதும்னு நினைக்கிறேன்.

அடுத்து, அந்த மன்றத்துக்காக ஊர் ஊரா மக்கள் எழுதிக் குடுத்த குறைகளோட தொகுப்பு இருக்கே, அதுக்கு 'குறையேடு'ன்னு வெச்சிருக்கேன், 'மனு'ன்னா ஒரே ஆள் எழுதுன மாதிரி இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க ஐயா?